பாதைக்குக் கட்டணம் இல்லை
புதிதாகச் சைக்கிள் மிதிக்க வந்தவர்களுக்குச் சில அறிவுரைகள்

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் ஐந்து மணிக்குத் திருவான்மியூரில் நின்று பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிச் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள் மினுங்கிக்கொண்டே போகும். முட்டுக்காடு பாலம் வரை சிலர், மாமல்லபுரம் வரை சிலர். யாரும் யாருக்கும் ஒரு பைசா கட்டவில்லை. வேறு சில ஞாயிறுகளில் அதே ஆட்கள், அதே சாலையில், முதுகில் எண் குத்திக்கொண்டு, அதற்கென்று பணம் கட்டிவிட்டு மிதிக்கிறார்கள்.

“சார், சும்மா போற ரோட்டுல போறதுக்கு எதுக்குக் காசு?” புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாற்பத்தேழு வயதில் மறுபடி சைக்கிள் ஏறினேன். பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை நுழைவுக் கட்டணமாகக் கட்டிய பணத்தில் ஏறக்குறையப் பாதி வீண். மீதிப் பாதி, நான் செலவழித்த பணத்திலேயே மிக நல்ல பணம். எது எந்தப் பாதி என்று புரிய எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதல் ஆறு மாதம் எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

அந்தப் பணத்தை லைட்டிலும் டயரிலும் போடுங்கள். நல்ல ஹெல்மெட், பின்பக்கச் சிவப்பு விளக்கு, பாதையிலுள்ள பள்ளம் தெரிகிற அளவுக்கு முன்விளக்கு, இரண்டு மாற்று டியூப், டயர் லீவர், கைப்பம்ப். இவை இல்லாமல் ஒரு நிகழ்வுக்குப் பெயர் கொடுப்பது, செருப்பு வாங்காமல் பாதயாத்திரைக்கு உண்டியல் கட்டுவது போல.

சென்னையிலும் கோவையிலும் பகுதிக்குப் பகுதி சைக்கிள் குழுக்கள் இருக்கின்றன. வாரம் இரண்டு மூன்று நாள் சேர்ந்து போவார்கள். பெரும்பாலும் கட்டணம் கிடையாது. அங்கே போய்க் கற்றுக்கொள்ளுங்கள். முன்னால் போகிறவரின் சக்கரத்துக்கு எவ்வளவு பின்னால் நிற்பது, பள்ளம் வந்தால் எந்தக் கையைக் காட்டுவது, பஸ் நிறுத்தத்தை எப்படிக் கடப்பது. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பின்சக்கரத்தைக் கழற்றி, டியூப் மாற்றி, மாட்டிப் பழகுங்கள். ஒரு முறை விளக்கை அணைத்துவிட்டும் செய்து பாருங்கள். பஞ்சர் பெரும்பாலும் பின்சக்கரத்தில்தான் ஆகும், இருட்டுக்காகக் காத்திருக்காது.

2. கட்டணம் எதை வாங்குகிறது என்று கேளுங்கள்.

சாலையை எவரும் விற்க முடியாது. அது ஏற்கெனவே உங்களுடையது. அப்படியானால் உங்கள் பணம் எங்கே போகிறது? நேர்மையான பதில்கள் சில உண்டு. வண்டிகள் வராமல் மூடப்பட்ட சாலை. ஆம்புலன்ஸ். பின்னாலேயே வந்து, முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி. நேரத்தைக் குறிக்கும் கருவி. காவல் துறை அனுமதிக்காக அலைந்த அலைச்சல். இவற்றில் எதையும் நீங்கள் தனியாக ஏற்பாடு செய்துகொள்ள முடியாது. உங்களால் முடியாததற்குப் பணம் கட்டுங்கள். உங்களால் முடிந்ததற்குக் கட்டாதீர்கள். நான் இங்கே சொல்லப்போகிற எல்லாமே இதற்குள் அடக்கம்.

மூடிய சாலை என்பது சாதாரண விஷயம் அல்ல. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனைச் சுற்றி ஒரு சைக்கிள் நிகழ்வு ஆண்டுதோறும் நடக்கிறது. 1978-இல், சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும் என்று கேட்டு நடத்திய பயணமாகத் தொடங்கியது. இன்று 109 கிலோமீட்டர், கடலோரமும் மலையோரமுமாக, வண்டிகளே இல்லாத சாலை. பல்லாயிரம் பேர் மிதிக்கிறார்கள். பிரான்சில் 1993 முதல் ‘எடாப் டு டூர்’ நடக்கிறது. டூர் டி பிரான்ஸ் வீரர்கள் ஓட்டும் ஒரு மலைக் கட்டத்தை, சாலையை மூடிவிட்டு, நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். ஆல்ப்ஸ் மலைச் சரிவில் எதிரே லாரி வராது என்ற நிச்சயத்தோடு இறங்குவதை, எவ்வளவு திறமை இருந்தாலும் தனியாளாக வாங்க முடியாது. அதற்குக் கட்டணம் நியாயம்.

நம் ஊர் அறிவிப்புகளில் சாலை முழுவதும் மூடப்படுமா, ஒரு பக்கம் மட்டுமா, அல்லது சந்திப்புகளில் மட்டும் ஆள் நிற்பாரா என்று பல நேரம் எழுதியிருக்காது. போன் போட்டுக் கேளுங்கள். எத்தனை மணிக்குச் சாலையைத் திறந்துவிடுவார்கள் என்பதையும் கேளுங்கள். முதலில் வருபவருக்கு மூடிய சாலை, கடைசியில் வருபவருக்குப் பஸ்ஸும் தண்ணீர் லாரியும் என்றால், புதியவரான உங்களுக்கு அது மூடிய சாலை அல்ல.

3. டி-ஷர்ட், பை, மெடல் மூன்றையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அறிவிப்பில் இவற்றின் படம்தான் பெரிதாக இருக்கும். அவற்றை மனத்தில் கழித்துவிட்டு மீதி என்ன என்று பாருங்கள். மீதி ஒன்றும் இல்லையென்றால், முப்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டு ஒரு சட்டை வாங்கியிருக்கிறீர்கள். கடைக்குப் போனால் நல்ல துணியில் கிடைக்கும்.

4. ஒரு பிரெவே போய்ப் பாருங்கள்.

இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். என் பணத்தின் நல்ல பாதி பெரும்பாலும் இங்கேதான் போனது.

பிரெவே என்பது குறித்த நேரத்துக்குள் குறித்த தூரத்தைக் கடக்கும் நெடும்பயணம். பந்தயம் அல்ல. விதிகளை வகுத்தது 1904-இல் தொடங்கிய ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற பிரெஞ்சுச் சங்கம். இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா அமைப்பின் கீழ் பல நகரங்களில் நடத்துகிறார்கள். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம். 300-க்கு 20 மணி. 400-க்கு 27. 600-க்கு 40. ஒரே பருவத்தில் இந்த நான்கையும் முடித்தவருக்கு ‘சூப்பர் ராண்டனர்’ என்று பெயர். முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் வேறுபாடு கிடையாது. முடித்தவர் பட்டியலில் இடம் என்ற ஒன்றே இல்லை.

கட்டணம் சில நூறு ரூபாய் அளவில்தான் இருக்கும். மெடல் வேண்டுமென்றால் தனியாகப் பணம். இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம், அவர்கள் உங்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே தருவதில்லை. பந்தல் போட்டு வாழைப்பழம் தர மாட்டார்கள். பின்னால் வண்டி வராது. சொந்தக்காரர்கள் காரில் தொடர்ந்து வந்து தண்ணீர் கொடுப்பதற்கும் அனுமதி இல்லை. கன்ட்ரோல் என்கிற குறித்த இடங்களில் மட்டும்தான் வெளி உதவி. பஞ்சர் உங்களுடையது, பசி உங்களுடையது, வழி தவறினால் அதுவும் உங்களுடையது. கையில் ஓர் அட்டை தருவார்கள். ஒவ்வொரு கன்ட்ரோலிலும் நேரம் குறித்துக் கையெழுத்து. ஆள் நிற்காத இடத்தில் நீங்கள் வந்து போனதற்குச் சாட்சி, ஏடிஎம் இயந்திரத்திலிருந்து எடுத்த ஒரு சீட்டு அல்லது டீக்கடை பில். இரவுப் பயணமென்றால் முன்னும் பின்னும் விளக்கு, பளபளக்கும் மேலங்கி கட்டாயம்.

“ஒன்றும் தராததற்கு எதற்குப் பணம்?” என்று என் மனைவியும் கேட்டார். முதல் 200 முடித்து வந்த இரவு அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரியும்.

அன்று காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். நூறு கிலோமீட்டர் தாண்டித் திரும்ப வேண்டும். அந்தக் கன்ட்ரோல் பகல் ஒரு மணிக்கு மூடிவிடும். மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில் வெயில் கீழிருந்தும் மேலிருந்தும் அடிக்கும். வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல், நிழலுக்கு ஒரு பனைமரம்கூட இல்லாத நீட்டம். தனியாகப் போயிருந்தால் அங்கே ஒரு புளியமரத்தைத் தேடிப் படுத்திருப்பேன், பிறகு பஸ் பிடித்திருப்பேன். மரத்தடியில் படுக்காமல் மிதித்தது அந்த ஒரு மணிக்காக. முன்பின் தெரியாத ஒருவர் அங்கே பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சம்பளம் இல்லை. நான் வருவேன் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறார். பன்னிரண்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அந்தச் சில நூறு ரூபாய்க்கு நான் வாங்கியது, என்னால் தள்ளிப்போட முடியாத ஒரு கடிகாரத்தையும் எனக்காகக் காத்திருந்த ஒரு மனிதரையும். வீட்டுக் கடிகாரத்தோடு நாம் பேரம் பேசுவோம். இந்தக் கடிகாரம் பேரத்துக்கு வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாப்பிடக் கற்றுக்கொடுத்தது பிரெவேதான். பசித்த பிறகு சாப்பிட்டால் அது தாமதம். முக்கால் மணிக்கு ஒரு தரம் ஏதாவது வாயில் போட வேண்டும்: கடலை மிட்டாய், வாழைப்பழம், ஓர் இட்லி. வெயிலில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் உடம்பில் உப்பு குறைந்து தலை கிறுகிறுக்கும். ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும்; உப்புப் போட்ட மோர் எங்கே கண்டாலும் நிறுத்திக் குடியுங்கள்.

5. கடைசியில் வருபவருக்கு என்ன கிடைக்கும் என்று விசாரியுங்கள்.

நடத்துபவர்களை எடைபோட எனக்குத் தெரிந்த ஒரே தராசு இது. ஒரு முறை நூறு கிலோமீட்டர் நிகழ்வு ஒன்றுக்குக் கணிசமான தொகை கட்டினேன். தொடக்கத்தில் மேடை, பாட்டு, விருந்தினர் பேச்சு. பேச்சு முடியவே முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி வெயிலாக எங்கள் தலையில் இறங்கியது. எழுபதாவது கிலோமீட்டரில் தண்ணீர்ப் பந்தலுக்குப் போனபோது கேன்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். முன்னால் போனவர்கள் முகம் கழுவிவிட்டார்களாம். எனக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேராவது இருந்தார்கள்; அதில் ஒரு பதினாறு வயதுப் பையன். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் குடத்தோடு வந்து எல்லோருக்கும் ஊற்றினார். முடிவுக்கோட்டுக்கு வந்தபோது வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

வேகமாகப் போகிறவர் சீக்கிரம் முடித்துவிடுவார். அவருக்குத் தேவையும் குறைவு. ஏற்பாடு என்பதே மெதுவாக வருபவருக்காகத்தான். ஆகவே போன ஆண்டு அந்த நிகழ்வில் பரிசு வாங்கியவரிடம் கேட்காதீர்கள். கடைசிப் பத்துப் பேரில் ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள்: தண்ணீர் இருந்ததா, கடைசி வண்டி வந்ததா, ஆம்புலன்ஸ் நின்றதா?

6. தேதியின் மதிப்பைக் குறைவாக எடைபோடாதீர்கள்.

பணம் கட்டிவிட்டால் அலாரம் அடிக்கும்போது எழுந்துவிடுகிறோம். “அடுத்த வாரம் போகலாம்” என்ற சொல்லுக்கு இடமில்லாமல் போகிறது. மூன்று மாதத்துக்கு முன்பே ஒரு தேதியைச் சுவரில் எழுதி வைத்தால், அதுவரை வருகிற ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் நேரத்தில் படுப்பீர்கள். நுழைவுக் கட்டணம் ஒரு நாளுக்கானது. அதன் பலன் மூன்று மாதத்துக்கு.

ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. தானாகவே எழுந்து போகிற பிள்ளைகள் உண்டு. உங்களை நீங்களே அறிந்து முடிவு செய்யுங்கள்.

7. தனியாக வெளியே வரத் தயங்கும் தங்கைகளுக்கு.

உங்களுக்கு என் கணக்கு வேறு. இருட்டு விலகுமுன் தனியாகச் சாலையில் மிதிப்பது ஆண்களுக்கு வெறும் பயிற்சி; உங்களுக்கு அதற்கு மேலும் சில கவலைகள் இருக்கின்றன. நூறு பேரோடு போகிற முதல் இரவுப் பயணத்துக்காகவாவது பணம் கட்டலாம். அது கட்டணம் அல்ல, துணை.

கூட்டத்துக்கு இருக்கும் பலத்தை நம் நாட்டிலேயே பார்த்திருக்கிறோம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். 1992-இல் மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். ஒருத்தி தனியாகச் சைக்கிள் ஏறினால் கேலி செய்யும் தெரு, ஆயிரத்து ஐநூறு பேர் வந்தபோது வழிவிட்டு நின்றது. அதன்பின் தண்ணீர் எடுக்கவும் வேலைக்குப் போகவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் தனியாகப் போக அவர்களுக்கு யாரும் வழிவிட வேண்டியிருக்கவில்லை. ஏற்பாடு செய்த சைக்கிள் நிகழ்வு ஒன்றால் ஒரு மாவட்டத்துக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அதற்கு யாரும் நுழைவுக் கட்டணம் வாங்கவில்லை என்பதையும் மறக்கவில்லை. அதனால்தான், பெண்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கும் ஏற்பாட்டாளர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். மற்றவர்களிடமும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

8. பல நாள் சுற்றுப்பயணங்களுக்கு இரண்டு ஆண்டு பொறுங்கள்.

2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் போன்றவற்றைச் சொல்கிறேன். எட்டு நாள் அளவில், கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் என்று மலையும் காடுமாக மிதிப்பார்கள். தங்குமிடம், சாப்பாடு, பெட்டியை ஏற்றிச் செல்லும் வண்டி, மெக்கானிக், மருத்துவர் எல்லாம் உண்டு. கட்டணமும் அதற்கேற்பப் பத்தாயிரக்கணக்கில் போகும். பலருக்கு ஒரு மாதச் சம்பளம்.

தகுதியான விலைதானா? தயாராகப் போனவருக்கு, ஆம். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். காரே முதல் கியரில் முனகும் சரிவு. அங்கே கால் தரையில் ஊன்றாமல் ஏறியவர் அதை ஆயுளுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். தயாராகாமல் போனவரோ அந்தச் சரிவை வேனின் ஜன்னல் வழியாகப் பார்ப்பார். அந்த ஜன்னல் இருக்கைக்கு அது மிக அதிக விலை. கொல்லிமலைக்கு 70 வளைவுகள், ஏற்காட்டுக்கு 20, ஏலகிரிக்கு 14. முதலில் ஏலகிரி ஏறுங்கள், பிறகு ஏற்காடு. பஸ் செலவும் சாப்பாடும்தான். இந்த இரண்டையும் இறங்காமல் ஏற முடிகிற ஆண்டில் பெரிய தொகையைப் பற்றி யோசிக்கலாம். கடன் அட்டையில் வேண்டாம்.

9. மாதத்தையும் காற்றையும் பார்த்துப் பெயர் கொடுங்கள்.

சென்னையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை பகல் பதினோரு மணிக்கு மேல் சாலையில் இருக்க வேண்டிய எதற்கும், புதியவர் நீங்கள், பெயர் கொடுக்காதீர்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை மழை. டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும். ஆனால் வடகிழக்குக் காற்று. புதுச்சேரிப் பக்கம் போகும்போது அது முதுகில் கை வைத்துத் தள்ளும். நம் கால்களின் வலிமை என்று நினைத்துக்கொள்வோம். திரும்பும்போதுதான் தெரியும். போகும்போது மிச்சம் வைத்தவர் மட்டும் நேரத்துக்குள் வீடு வந்து சேர்வார்.

இயற்கை குறுக்கிட்டால் பணம் என்னவாகும் என்பதையும் படித்துவிட்டுக் கட்டுங்கள். முன்னே சொன்ன கேப் டவுன் நிகழ்வையே 2017-இல் புயல் போன்ற காற்று வந்து, கிளம்பிய பிறகு நிறுத்த வேண்டியதாயிற்று. நிறுத்தியது சரியான முடிவு. நிறுத்தத் துணிகிறவர்களிடம்தான் பணம் கட்ட வேண்டும். திருப்பித் தருவார்களா, அடுத்த ஆண்டுக்கு மாற்றுவார்களா, உங்களால் வர முடியாவிட்டால் இன்னொருவர் பெயருக்கு மாற்றலாமா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். “இன்றே கட்டினால் தள்ளுபடி” என்று அவசரப்படுத்தினால், இந்த மூன்றையும் படித்து முடிக்கும் வரை போனைக் கீழே வையுங்கள்.

10. காப்பீடு.

நிகழ்வுக் கட்டணத்தில் விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா, எவ்வளவு தொகைக்கு என்று கேளுங்கள். உங்கள் சொந்த மருத்துவப் பாலிசியை எடுத்து, எவையெல்லாம் பொருந்தாது என்று எழுதியிருக்கும் பக்கத்தைப் படியுங்கள். பந்தயம் என்ற சொல் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். ரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய சீட்டு எப்போதும் ஜெர்சிப் பையில்.

11. நல்ல காரியத்துக்காக நடத்தப்படும் பயணங்கள்.

கட்டணத்தில் எவ்வளவு அந்தக் காரியத்துக்குப் போகிறது என்று கேளுங்கள். தொகையைச் சொல்பவருக்குத் தாருங்கள். சொல்லாதவர் என்றால், ஞாயிறு காலை சும்மா மிதித்துவிட்டு, அதே பணத்தை நேராக அந்த மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ அனுப்பிவிடலாம். முழுத்தொகையும் போய்ச் சேரும்.

12. முடிக்காமல் விட்டால் பணம் போனதாக நினைக்காதீர்கள்.

என் முதல் 300-ஐ 240-ஆவது கிலோமீட்டரில் விட்டேன். வயிறு எதையும் ஏற்கவில்லை. நள்ளிரவு. மூடிய கடை ஒன்றின் திண்ணையில் உட்கார்ந்து, இன்னும் அறுபதுதானே, கட்டிய பணம், எழுதி வைத்த தேதி, வீட்டில் சொன்ன சொல் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். கண் இருட்டியது. அந்த நிலையில் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போயிருந்தால் இதை எழுத இருந்திருக்க மாட்டேன் என்றே நம்புகிறேன்.

விடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் ஏற்பாட்டாளருக்குப் போன் செய்து “நான் நிறுத்திவிட்டேன், இன்ன இடத்தில் இருக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் உங்களுக்காக ஒருவர் விடியும் வரை விழித்திருப்பார். பிறகு வெளிச்சமுள்ள இடத்துக்குப் போக வேண்டும். பெட்ரோல் பங்க் நல்லது. அதன் பிறகுதான் வீட்டுக்கு எப்படிப் போவது என்ற யோசனை.

மறுநாள் நோட்டுப் புத்தகத்தில் என்ன சாப்பிட்டேன், எப்போது சாப்பிட்டேன் என்று எழுதினேன். மாலையில் ஒரு கடையில் எண்ணெய்ப் பரோட்டாவும் சால்னாவும். அங்கேதான் தவறு. அதற்குப் பிறகு நெடும்பயணத்தில் தயிர்சாதமும் இட்லியும் தவிர வேறு தொடுவதில்லை. இரண்டு மாதம் கழித்து மறுபடி பணம் கட்டி 19 மணி 20 நிமிடத்தில் 300 முடித்தேன். இரண்டு கட்டணமும் சேர்ந்துதான் அந்த ஒரு 300-இன் விலை.

13. ஆண்டுக்கு எத்தனை?

புதியவருக்கு மூன்று போதும். ஒன்று பக்கத்தில், சிறியது, கூட்டத்தில் மிதிக்கும் பழக்கத்துக்காக. ஒன்று 200 பிரெவே. மூன்றாவது, வேறு ஊரில் ஏதாவது. அந்த ஊர்ச் சாலையை அந்த ஊர்க்காரர்களோடு பார்ப்பதற்காக. வாரா வாரம் எண் குத்திக்கொண்டு மிதிப்பவர்களை எனக்குத் தெரியும். எண் இல்லாத நாளில் அவர்களுக்குச் சைக்கிள் எடுக்கவே கை வருவதில்லை. அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பெரிய கனவு இருக்கிறவர்களுக்கு ஒரு தகவல். பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்ப் பாரிஸ் திரும்பும் 1200 கிலோமீட்டர் பயணம் 1891-இல் பந்தயமாகத் தொடங்கியது. இப்போது பிரெவேயாக, நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. அதிகபட்ச நேரம் 90 மணி. 2023-இல் நடந்தது, அடுத்தது 2027. போக வேண்டுமென்றால் அந்த ஆண்டிலேயே 200, 300, 400, 600 நான்கையும் முடித்துத் தகுதி பெற வேண்டும். விமானம், விசா, சைக்கிளை அட்டைப்பெட்டியில் கட்டுவது எல்லாம் சேர்ந்தால் நுழைவுக் கட்டணம் மிகச் சிறிய பங்காகிவிடும். இன்றிலிருந்து மாதம் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். வழியோரக் கிராமங்களில் இரவு முழுவதும் பிள்ளைகளும் பாட்டிகளும் மேசை போட்டுக் காபியோடு நிற்பார்கள்; அதற்குக் காசு வாங்குவதில்லை.

14. இரண்டு ஆண்டு மிதித்த பிறகு, ஒரு முறை நாற்காலியில் உட்காருங்கள்.

கன்ட்ரோல் நாற்காலியைச் சொல்கிறேன். பேனா, கையெழுத்துப் படிவம், ஒரு கேன் தண்ணீர், கொசுவர்த்தி. இரவு பதினொன்றரைக்கு ஒவ்வொரு விளக்காக வரும். முகத்தைப் பார்த்தவுடனே யார் சாப்பிடவில்லை என்று தெரிந்துவிடும். கட்டணம் எங்கே போகிறது என்பதை அங்கே உட்கார்ந்துதான் முழுதாகப் புரிந்துகொண்டேன்: அட்டை அச்சிட, பாரிஸுக்குப் பதிவு அனுப்ப, தண்ணீர் கேனுக்கு, வாடகை வண்டிக்கு. உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் இல்லை.

போன பிப்ரவரியில் அப்படி உட்கார்ந்திருந்தேன். மூடும் நேரம் தாண்டி நான்கு நிமிடம் கழித்து ஒரு பெண் வந்தார். இரண்டு பஞ்சர், இரண்டையும் தானே சரி செய்திருக்கிறார். கை முழுக்கச் செயின் கறுப்பு. அட்டையை நீட்டினார். உண்மையான நேரத்தையே எழுதினேன். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை. தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டார்.

“அடுத்த 300 எப்ப சார்?”

“ஆறு வாரம் இருக்கும்மா.”

“டயரை மாத்திட்டு வந்துடறேன்” என்று சொல்லிக் கையைக் கழுவப் போனார். அதற்குள் சாலையில் இன்னொரு விளக்கு தெரிந்தது. நான் எழுந்து தண்ணீர்க் கேனைச் சாய்த்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன்.